இரண்டு சுற்று

குருமண்வெளித் துறையில் பாதை வந்து முட்டினால்
முதலில் மோட்டார் சைக்கிள்கள் இறங்கும்,
பிறகு சேலைக்கரையைத் தூக்கிப் பிடித்தபடி டீச்சர்மார்,
மறுகாதான் நெல்.

மண்டூர், அதற்கும் உள்ளே,
தண்ணீர்முறை காத்து இரவில் விழித்தவர்களின் நெல்.
நான் அதை நிறுப்பவன்.
ஒன்பது வருசமாக.

தராசின் முதுகில் ஒரு திருகாணி இருக்கிறது,
குன்றிமணி அளவு.
இடப்பக்கம் இரண்டு சுற்று விட்டால்
மூடைக்கு இரண்டு கிலோ
எங்கேயும் போகாமல் காணாமல் போகும்.
முதலாளி சொல்லித் தரவில்லை.
எனக்கு முன்னால் நின்றவர்
விட்டுப்போன இடத்திலேயே அது இருந்தது.
நான் தொடவில்லை.
தொடாததுதான் என் பாவம் என்று
வெகுநாள் எனக்குத் தெரியாது.
தெரியாது என்பதும் பொய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியகல்லாற்றுக் கோயிலில்
மூன்றாம் வாங்கு எனக்கு.
காணிக்கைத் தட்டு என் கையில்தான் வரும்.
செபம் பண்ணச் சொன்னால் எழும்பி
வேரைப் பற்றிச் சொல்வேன், கனியைப் பற்றிச் சொல்வேன்.
என் குரல் கொஞ்சம் நல்ல குரல்.
சுகிர்தம் மட்டும் கண்ணைத் திறந்து
என்னைப் பார்த்துவிட்டு மூடுவாள்.
அவளுக்கு என் சம்பளமும் தெரியும்,
வீடு கட்ட வந்த சீமெந்துக் கணக்கும் தெரியும்.

போன மாசியில் அறுப்புப் பண்டிகை ஏலத்தில்
ஒரு பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தேன்.
கை தட்டினார்கள்.
தோளில் சுமந்து வந்து வெட்டினால்
உள்ளே வெறும் நார்.
விதைகூடப் பிடிக்கவில்லை.
சுகிர்தம் சிரிக்கவில்லை.
"நிறுத்துப் பாத்தீங்களா?" என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும்
திருகாணியை வலப்பக்கம் திருப்பினேன்.
ஒன்று.
இரண்டாவது சுற்றுக்கு அது வரவில்லை.
துரு.
தேங்காயெண்ணெய் விட்டு, பல்லைக் கடித்து
"ஆண்டவரே" என்றேன்,
கோயில் குரலில் அல்ல.

அன்றைக்கு வந்தது பாலிப்போடியின் மகள் யோகம்மை.
ஏழு மூடை.
காசை எண்ணித் தலைப்பில் முடிந்து
பாதையேறிப் போனவள்
அடுத்த பாதையில் திரும்பி வந்தாள்,
முகமெல்லாம் வெயில், நெற்றியில் திருநீறு கரைய.

"தம்பி, கணக்கு பிழைச்சிப்போச்சு போல.
வீட்ட நிறுத்ததுக்கு இஞ்ச எப்பவும் குறையும்.
இண்டைக்கு அப்படியே கிடக்கு.
உன்ட சம்பளத்தில வெட்டிப்போடுவாங்க.
இந்தா."

ஆயிரத்து ஐந்நூறு ரூபாயைத் தராசின்மேல் வைத்தாள்.
தண்டு அசையவில்லை.

சமாதானம் வந்தது என்று எழுத ஆசை.
வந்தது வெட்கம்.
நான் இருபது வருசம் கையேந்திக் கேட்ட கனி
அக்கரையில் பழுத்து,
பாதைக்குக் காத்து நின்று,
என் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"பிழைதான் அக்கா" என்றேன்.
"இண்டைக்கு இல்ல. ஒன்பது வருசம்."

அவள் ஏசியிருக்கலாம்.
நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள்,
ஈரமானதை உதறினாள்.
"அப்ப மத்தவங்களுக்கும் சொல்லு" என்றாள்.
போய்விட்டாள்.

முதலாளி இன்னும் பார்க்கவில்லை.
மாதக் கணக்கு முடியும்போது பார்ப்பார்.

துறையடியில் கண்டல்கள் உப்புக்குள் நிற்கின்றன.
கிளையில் தொங்கும்போதே காய் முளைவிட்டு
ஒருநாள் செங்குத்தாகச் சேற்றில் இறங்குகிறது.
அதை யாரும் ஏலம் கேட்பதில்லை.
முந்தியென்றால் இதைச் செபத்தில் சேர்த்திருப்பேன்.

இப்போது இரவு.
சுகிர்தம் விளக்கை மேசைக்கு நகர்த்தி வைக்கிறாள்.
பழைய கொப்பிகளின் தூசைத் தட்டுகிறேன்.
முதல் பக்கம், முதல் பெயர்:
கதிராமப்போடி, பழுகாமம்.
நாலு மூடை.

எட்டுக் கிலோ.